பெயரை நம்பி பாஸ் செய்யாதீர்கள்

வங்கியில் செக் வந்தால் பெயரை மட்டும் பார்த்துப் பணம் தர மாட்டோம். மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவோம். கணினிக் கோப்புக்கும் அப்படி ஓர் அடையாளம் உண்டு. அதுதான் ஹாஷ். ஷா-256 முறையில் 64 எழுத்தும் எண்ணுமாக வரும். கோப்பின் பெயரை மாற்றினால் ஹாஷ் மாறாது. உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் முற்றிலும் வேறாகிவிடும்.

அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனம், தெரிந்த மென்பொருள் கோப்புகளின் ஹாஷ் பட்டியலை வெளியிடுகிறது. கைப்பற்றிய கணினியை ஆராய்பவர்கள் அதோடு ஒப்பிட்டு, தெரிந்ததை ஒதுக்கி மீதியைத் தேடுவார்கள். கெட்ட கோப்புகளுக்கும் பட்டியல் உண்டு. வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் அதைப் பார்க்கின்றன.

போன தீபாவளிக்கு என் வாட்ஸ்அப்பில் 'சிவகாசி பட்டாசு விலைப்பட்டியல்' என்று ஒரு கோப்பு வந்தது. பெயரின் கடைசியில் பிடிஎஃப் இல்லை, ஏபிகே! சோதித்தால் 'ஆபத்து இல்லை' என்றது. புதிதாகச் செய்த கள்ளக் கோப்பின் ஹாஷ் எந்தப் பட்டியலிலும் இருக்காதே. மாதிரிக் கையெழுத்தே இல்லாத செக்கை பாஸ் செய்யலாமா? நான் திறக்கவில்லை.

தவறித் திறந்துவிட்டால் இணையத்தைத் துண்டித்து, வேறு போனிலிருந்து 1930-ஐ அழையுங்கள். வந்த கோப்பை அழிக்காதீர்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள புதிய சாட்சியச் சட்டப்படி, மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழில் ஹாஷ் குறிப்பிட வேண்டும். கோப்பு போனால் சாட்சியும் போகும்.