இடமறியாப் பொருள்கள்

(சங்கத்தின் வாராந்தக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தினமும் இருவேளை கூட்டப்படும் வீடு, தூசியில்லை, ஒட்டறையில்லை. ஆயினும், படலை திறக்கும் ஓசை கேட்டதும் நாம் எல்லோரும் விறாந்தைக்கு ஓடி, எதையெதையோ வாரி அறைக்குள் போடுகின்றோம். அழுக்கில்லாத வீடு அலங்கோலமாகத் தோன்றுவதன் காரணம் யாது? இதனையே இன்று சிந்திக்க விரும்புகின்றோம்.

நாம் வாரிப் போடுபவை எவை? சாய்மனைக் கதிரையில் நேற்றைய சட்டை; சாப்பாட்டு மேசையில் மின்சாரக் கட்டணப் பட்டியல், கலியாணக் கடிதங்கள், கைத்தொலைபேசிக்கு மின்னேற்றும் வயர்; கதவுப் பிடியில் தொங்கும் சொப்பிங் பைகள்; வாசலில் திசைக்கொன்றாய்ச் செருப்புகள். இவற்றுள் ஒன்றும் அழுக்கன்று. ஒவ்வொன்றும், "பிறகு பார்ப்போம்" என்று நம்மில் ஒருவர் வைத்துவிட்டுப் போனது. அந்தப் "பிறகு" வருவதில்லை. ஈற்றில் அம்மாவே பார்க்கின்றார். நமது சோம்பல்கள் யாவும் ஒருவர் முதுகிலே ஏறுகின்றன.

நாம் பயின்ற மிஷன் பாடசாலை விடுதியில், படுக்கையை மடித்து லாச்சியை ஒழுங்கு செய்யாதவர் காலைத் தேநீருக்குப் போதல் இயலாது. அங்கே ஒழுங்காயிருந்த நாமே வீட்டுக்கு வந்ததும் அதனை மறந்தோம். பயத்தினால் வந்த ஒழுங்கு பயத்தோடு போயிற்று. திலகவதியார் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு மெழுகியதும், அப்பர் சுவாமிகள் உழவாரம் ஏந்தியதும் எவருக்கும் அஞ்சியன்று, அன்பினாலேயாம். கோயில் வீதியைத் துப்புரவாக்கும் சிரமதானத்துக்கு முந்தும் நாம், வீட்டிலே உண்ட கோப்பையை எடுத்துவைக்கப் பிந்துவது முறையாகுமா?

இனி, எமது குற்றமொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற தைப்பொங்கலுக்கு முன் வீட்டை ஒழுங்கு செய்யப் புகுந்த நாம், அம்மம்மா அலுமாரியின் அடித்தட்டில் சேர்த்து வைத்திருந்த வெற்றுப் போத்தல்களைக் கேளாமலே குப்பை வண்டியில் ஏற்றிவிட்டோம். அவர் ஏசவில்லை. "அதிலை ஒண்டு உங்கடை அம்மா படிச்ச விளக்கு, பிள்ளையள்" என்று மட்டும் சொன்னார். 1990களில், மின்சாரமின்றி, பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெயும் அரிதாயிருந்த யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு ஏற்றிய விளக்கிலேதான் அக்காலப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். சவர்க்காரமும் பற்றரியும் கிடையாத நாள்களைக் கண்டவர்களுக்கு வெற்றுப் போத்தல் வெறும் பொருளன்று. அம்மா இதனை எமக்குச் சொன்னதில்லை, நாமும் கேட்டதில்லை.

ஆகவே, எறியுமுன் கேட்போம். பெரியோர்களிடமும் பணிவுடன் ஒன்று வேண்டுகின்றோம். ஞாபகத்துக்கு ஒரு போத்தல் போதும். அதனை அலுமாரியில் வைத்துப் போற்றுவோம். வளவில் கிடக்கும் தகரப் பேணியும் தயிர்ச் சட்டியும் சிரட்டையும் மழைநீரைத் தாங்கி நுளம்பையே வளர்க்கும். 2017இல் இலங்கையில் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவாயினர் என்பதை மறத்தலாகாது.

சகோதரர்களே, நாம் செய்யவேண்டியது சிறிதே. செருப்புக்கு ஒரு தட்டு, கடிதங்களுக்கு ஒரு பெட்டி, வயருக்கு ஒரு லாச்சி. இரவு படுக்கைக்குப் போகுமுன் பத்து நிமிடம், அவரவர் வைத்ததை அவரவரே எடுத்துவைத்தல். இதனை அம்மாவுக்குச் செய்யும் உதவி என்று எண்ணற்க. நமது வேலையை நாமே செய்வது எவர்க்கும் உதவியாகாது. அம்மாவுக்கு அந்தப் பத்து நிமிடம் மிஞ்சுமாயின், அருகில் அமர்ந்து, அந்த விளக்கின் கதையைக் கேட்போமாக.