வாரம் இருநூறு ரூபாய் மெத்தை

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணி ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேசப்போவது வங்கிக் கடனைப் பற்றியும் இல்லை, தணிக்கையைப் பற்றியும் இல்லை. ஒரு மெத்தையைப் பற்றி. "மெத்தையைப் பத்திப் பேச ஒரு கூட்டமா?" என்று பின்வரிசையில் சிலர் சிரிப்பது தெரிகிறது. பரவாயில்லை, சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

நம் கூட்டமைப்பில் ஓர் உறுப்பினர். பெயரும் ஊரும் வேண்டாம். "மத்தவங்களுக்காவது உதவட்டும், சொல்லுங்க" என்று அவரே சொன்னதால்தான் சொல்கிறோம். அவருடைய மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையாகிவிட்டார். பாயிலேயே படுத்துப் படுத்து முதுகில் புண் வந்துவிட்டது. அந்த நேரத்தில் கட்டில், மெத்தை, குக்கர் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி ஊருக்குள் வந்தது. "அக்கா, முன்பணம் ஆயிரம் கொடுங்க. வாரம் இருநூறு, நாற்பது வாரம். வட்டியே கிடையாது" என்றார்கள். இருநூறுதானே, ஒரு நாள் கூலியில் கொடுத்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டார்.

இருபத்தொன்பது வாரம் தவறாமல் கட்டினார். பிறகு மழை பிடித்துக்கொண்டது. நாலு வாரம் காட்டு வேலை இல்லை. கையில் இருந்ததைச் சங்கக் கடனுக்குக் கட்டினார், மெத்தை டியூ நின்றுபோனது. ஐந்தாவது வாரம் இரண்டு பேர் வந்தார்கள். "டியூ கட்டல, பொருள் எங்களுது" என்றார்கள். அந்த வயதான அம்மாவைத் தூக்கிப் பாயில் கிடத்திவிட்டு மெத்தையைச் சுருட்டி வண்டியில் ஏற்றினார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று மதியம் சங்கக் கூட்டம். அந்தச் சகோதரி வந்தார், சேமிப்பைக் கட்டினார், கையெழுத்துப் போட்டார், ஒன்றும் சொல்லாமல் போனார். நம் பதிவேட்டில் அன்று அவர் பெயருக்கு நேரே "நிலுவை இல்லை" என்று எழுதப்பட்டது.

இரண்டு வாரம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. "ஏம்மா, சங்கத்துல கேட்டிருக்கலாமே?" என்றோம். அவர் சொன்னார்: "மெத்தை வாங்கக் கடன் கேட்டா, சொகுசு கேக்குதான்னு சொல்லமாட்டாங்களா? தொழிலுக்குத்தான் கடன் வாங்கணும்னு நீங்கதானே ஒவ்வொரு பயிற்சியிலயும் சொல்றீங்க?"

எங்களிடம் பதில் இல்லை.

சரி, அவர் கையெழுத்துப் போட்ட தாளுக்கு வருவோம். அதில் "வாடகை" என்று எழுதியிருந்தது. இதற்கு வாடகைக் கொள்முதல் என்று பெயர். கடைசித் தவணை கட்டும்வரை பொருள் கொடுத்தவருக்குத்தான் சொந்தம். நாம் வாடகைக்கு வைத்திருப்பதாகக் கணக்கு. தவணை விற்பனை என்பது வேறு. அதில் பொருள் கைக்கு வந்த அன்றே நமக்குச் சொந்தம். பாக்கி நின்றால் பணத்தைத்தான் கேட்க முடியும். பார்க்க இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதில்தான் வித்தியாசம்.

வாடகைக் கொள்முதலுக்கென்று நம் நாட்டில் 1972-ல் ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். அது நடைமுறைக்கு வராமலேயே கிடந்து, 2005-ல் ரத்தானது. ஆகவே அந்தத் தாளில் உள்ள நிபந்தனைதான் பெரிதும் நம்மைக் கட்டும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

இப்போது எல்லோரும் கணக்குப் போடுங்கள். அதே மெத்தை டவுன் கடையில் ரொக்கத்துக்கு 6,000 ரூபாய். தவணையில் முன்பணம் 1,000. நாற்பது வாரம் இருநூறு வீதம் 8,000. மொத்தம் 9,000. வட்டி இல்லை என்றார்களே, அந்த 3,000 என்ன? முன்பணம் போக நமக்குக் கிடைத்த கடன் 5,000தான். வாராவாரம் அசல் குறைவதையும் சேர்த்துப் பார்த்தால், நூறு ரூபாய்க்கு வாரம் சுமார் இரண்டரை ரூபாய் வட்டி. மாதத்துக்குப் பத்துக்கும் மேல். இதையே ஒருவர் "பத்து வட்டி" என்று சொல்லிக் கொடுத்தால் ஓடிவிடுவோம். "வாரம் இருநூறு" என்றால் உட்கார வைத்து மோர் கொடுக்கிறோம்!

நம் சகோதரி கட்டியது 6,800. கடை விலையைவிட 800 கூடுதல். ஆனாலும் மெத்தை இல்லை.

அதே 5,000 ரூபாயைச் சங்கத்தில் உள்கடனாக, நூற்றுக்கு இரண்டு வட்டியில் வாங்கி, மாதம் 500 அசல் வீதம் பத்து மாதத்தில் கட்டினால் வட்டி எவ்வளவு? முதல் மாதம் 100, அடுத்து 90, அடுத்து 80. கூட்டினால் 550. மெத்தையின் மொத்தச் செலவு 6,550. மிச்சம் 2,450 ரூபாய். அந்த 550-ம் வெளியே போகவில்லை, நம் சங்கத்துக்குத்தான் வருகிறது. ஒரு மாதம் தவறினாலும் மெத்தையைச் சுருட்ட யாரும் வரமாட்டார்கள்.

வேறு வழியில்லாமல் தவணையில்தான் வாங்க வேண்டும் என்றால் இந்தக் கேள்விகளைக் கேளுங்கள்:

1. ரொக்க விலை என்ன? முன்பணமும் எல்லாத் தவணையும் சேர்ந்து மொத்தம் என்ன? வாரத் தொகையை மட்டும் கேட்டுத் திருப்தி அடையாதீர்கள்.

2. தாளில் விற்பனை என்று இருக்கிறதா, வாடகை என்று இருக்கிறதா?

3. தவணை தவறினால் எத்தனை நாள் அவகாசம்? கட்டிய பணம் என்ன ஆகும்?

4. ஒப்பந்தத்தின் நகல் கிடைக்குமா? வாராவாரம் அட்டையில் தொகை எழுதிக் கையெழுத்துப் போடுவார்களா? தமிழில் இல்லாத தாள், நிரப்பாத தாள் எதிலும் கையெழுத்து வேண்டாம்.

ஏற்கெனவே சிக்கியிருந்தால் பயப்படாதீர்கள். வண்டிக் கடன் வழக்கு ஒன்றில் 2007-ல் உச்ச நீதிமன்றமே, ஆட்களை வைத்துப் பலவந்தமாகப் பொருளைப் பறிக்கக் கூடாது, சட்டப்படிதான் நடக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. வீட்டுக்குள் வந்து மிரட்டினால் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் புகார் கொடுக்கலாம். நுகர்வோர் உதவிக்கு 1915 என்ற எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள புகாருக்குக் கட்டணம் இல்லை. பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவச சட்ட உதவி உண்டு. அதற்கு 15100. போகும்போது தவணை அட்டையை எடுத்துப் போங்கள். அதுதான் சாட்சி.

அந்த வீட்டில் இப்போது என்ன நிலைமை என்று கேட்பீர்கள். விஷயம் தெரிந்ததும் சங்கம் தீர்மானம் போட்டு 5,000 ரூபாய் உள்கடன் கொடுத்தது. இரண்டு உறுப்பினர்களே டவுனுக்குப் போய் விலை பேசித் தேங்காய் நார் மெத்தை வாங்கி வந்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் சகோதரி புண்ணைப் பார்த்துவிட்டு, "மெத்தை மட்டும் போதாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்கணும்" என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். பகலில் மருமகள் வேலைக்குப் போகும்போது பக்கத்து வீட்டு உறுப்பினர்கள் முறை வைத்துப் புரட்டுகிறார்கள்.

எங்கள் தவறையும் இங்கே ஒப்புக்கொள்கிறோம். சங்கக் கடனை ஒழுங்காகக் கட்டினாயா என்று மட்டும் கேட்டோம். எதை நிறுத்திவிட்டுக் கட்டினாய் என்று கேட்கவில்லை. நோயாளிக்கு மெத்தை சொகுசு இல்லை. பெற்ற உடம்புக்கும், நாற்று நட்டு வலிக்கிற இடுப்புக்கும்கூட அது சொகுசு இல்லை. வீட்டுத் தேவைக்குக் கேட்கும் சிறு கடனையும் சங்கம் மதித்துப் பேச வேண்டும்.

அடுத்த வாரக் கூட்டத்தில் சேமிப்பு வாங்கி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "யார் வீட்டுல தவணை அட்டை இருக்கு?" சிரிக்காமல் கேளுங்கள். ஒருவர் கை தூக்கினால் மற்றவர்களும் தூக்குவார்கள்.