ஆறு கொடுத்தது பாதி. ஊர் கூடியது மீதி

   

மனிதனை வாழவைப்பது இயற்கையின் வளமா? கூடி வாழும் குணமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மையார் அருமையாகப் பேசினார்கள். "அமேசான் காட்டுக்குள்ளே ஓர் ஆறு, ஆற்றங்கரையிலே ஒரு வீடு, கையெட்டும் தூரத்திலே மீன். கரண்ட் பில் இல்லை, பஸ் நெரிசல் இல்லை. இதைவிட என்ன வேண்டும்?" என்று கேட்டார்கள். அம்மா! பஸ் நெரிசல் எப்படி இருக்கும்? அங்கே ரோடே கிடையாதே! (சிரிப்பு)

நான் அந்த ஊருக்குப் போனவன் இல்லை, படித்துத் தெரிந்துகொண்டவன். பிரேசில் நாட்டிலே அமசோனாஸ் மாநிலம். அதிலே தெஃபே என்று ஒரு சிறு நகரம். மாநிலத் தலைநகர் மனாவுஸிலிருந்து அங்கே போக வேண்டுமானால் படகு, இல்லையென்றால் விமானம். அந்தத் தெஃபேயிலிருந்தும் சிறு மோட்டார் வைத்த ஓடத்திலே மணிக்கணக்காகப் போனால்தான் நம்ம அம்மையார் சொன்ன ஆற்றங்கரைக் கிராமம் வரும். போகலாம், வாருங்கள்.

அங்கே ஆறு ஓரிடத்திலே நிற்காது. வருஷா வருஷம் பத்து மீட்டருக்கு மேலே ஏறி இறங்கும். அதனாலே வீட்டைக் கால் நட்டு உயரத்திலே கட்டுவார்கள்; சிலர் பெரிய மரத்துண்டுகள் மேலே மிதக்கிற வீடாகவே கட்டிவிடுவார்கள். வெள்ளம் தரையைத் தொட்டால் வீட்டுக்குள்ளேயே பலகை போட்டுத் தரையை உயர்த்துவார்கள். தரை உயர உயர, கூரை தலையிலே இடிக்கும். மனிதன் குனிந்து நடப்பான். மாட்டுக்கும் கோழிக்கும் தண்ணீர் மேலே பரண். மாடு தானாகப் போய் மேய முடியாது. ஓடத்திலே போய்ப் புல் அறுத்து வந்து போட வேண்டும். நடுவர் அவர்களே, மாடு மாடியிலே, மனுஷன் தண்ணியிலே! (சிரிப்பு) சிரிக்கிறோம். ஆனால் நட்ட தோட்டம் அத்தனையும் தண்ணீருக்குள்ளே கிடக்கிற குடும்பத்துக்கு அது சிரிப்பு இல்லை.

வெள்ளம் போனால் சுகம்தானே என்பீர்கள். கணக்கைக் கேளுங்கள். மனாவுஸ் துறைமுகத்திலே 1902 முதல் ஆற்று மட்டத்தைக் குறித்து வருகிறார்கள். 2021-இல் 30.02 மீட்டர், அதுவரை காணாத வெள்ளம். 2023 அக்டோபரில் 12.70 மீட்டர், அதுவரை காணாத வறட்சி. 2024 அக்டோபரில் அதையும் மிஞ்சி 12.11 மீட்டர். மூன்று ஆண்டு சொச்சத்துக்குள்ளே ஆறு மாடிக் கட்டிட உயரத்துக்கு வித்தியாசம்! 2024-இல் அந்த மாநிலத்தின் 62 நகராட்சிகளிலும் அவசர நிலை அறிவித்தார்கள். 2023-இல் தெஃபே ஏரியிலே தண்ணீரின் சூடு 39 டிகிரியைத் தாண்டியது. நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட டால்பின்கள் செத்து மிதந்தன.

டால்பினே தாங்காத ஊரிலே மனிதன் என்ன செய்வான்? ஆறுதான் அவனுக்கு ரோடு. ஆறு வற்றினால் பிள்ளைகளுக்குப் பள்ளிப் படகு இல்லை. அரிசி, டீசல் வராது. உலகத்தின் மிகப் பெரிய ஆற்றின் கரையிலே குடிதண்ணீருக்குச் சேற்றிலே நடப்பார்கள். பாம்பு கடித்தால் விஷமுறிவு மருந்து பெரும்பாலும் நகரத்து ஆஸ்பத்திரியிலே. குளிர்பெட்டியிலே வைக்க வேண்டிய மருந்து, ஊரிலோ மாலையிலே சில மணி நேரம் ஓடுகிற ஜெனரேட்டர்! கடிபட்டவன் பிழைப்பது காட்டின் கருணையாலா? ஓடம் தள்ள ஓடிவருகிற நாலு பேராலா? சொல்லுங்கள்! (கைதட்டல்)

சாப்பாட்டுக்கு வருவோம். அவர்களுக்கு உயிர் மரவள்ளிக்கிழங்கு. நம்ம சேலத்து ஜவ்வரிசிக்குத் தாய்க்கிழங்கு; அதன் பூர்வீகம் தென் அமெரிக்கா. அங்கே பெரும்பாலும் கசப்புக் கிழங்கு. அப்படியே தின்றால் சயனைடு விஷம்! தோல் சீவி, துருவி, பின்னிய நீளக் கூடையிலே அடைத்துப் பிழிந்து, பெரிய சட்டியிலே வறுத்தால்தான் மாவு. ஒருத்தர் துருவ, ஒருத்தர் பிழிய, ஒருத்தர் வறுக்க, குடும்பமே கூடி நிற்க வேண்டும். இயற்கை கொடுத்தது விஷமும் சேர்ந்த கிழங்கு. அதை உணவாக்கியது கூடி உழைத்த கை.

எதிரணி நண்பர் இப்போது எழுந்து, "மீன் இருக்கிறதே!" என்பார். இருக்கட்டும். பிராருக்கு என்று ஒரு மீன். மூன்று மீட்டர் நீளம், இருநூறு கிலோ வரை வளரும். ஆளாளுக்குப் பிடித்தார்கள். மீன் அருகிப் போயிற்று. 1996-இல் அந்த மாநிலத்திலே அதைப் பிடிக்கவே தடை வந்தது. வளம் இருந்தது, கூட்டுக் கட்டுப்பாடு இல்லை, வளம் போயிற்று!

பிறகு 1999-இல் மமிராவுவா காப்பகத்து ஊர்க்காரர்கள், ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். இந்த மீன் தண்ணீருக்கு மேலே வந்து மூச்சு விடும். ஏரியைப் பகுதி பகுதியாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு மீனவரும் இருபது நிமிஷம் ஓடத்திலே அசையாமல் இருந்து, மூச்சு விட வருகிற மீனை எண்ணுவார். எண்ணிய பெரிய மீன்களிலே நூற்றுக்கு முப்பதுக்கு மேல் பிடிக்கக்கூடாது. மற்ற நாளெல்லாம் ஆணும் பெண்ணும் முறை வைத்து ஏரிக்கு இரவுக் காவல். மீன் பல மடங்கு பெருகியது. ஏரி அதே ஏரி, மீன் அதே மீன், மாறியது மனிதன்! (பலத்த கைதட்டல்)

மணி அடிக்க நடுவர் கை போகிறது. ஒரு நிமிஷம் ஐயா, என் தாத்தாவைப் பற்றிச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

என் தாத்தா மலேயாவிலே ரப்பர் தோட்டத்திலே பால்மரம் வெட்டியவர். திரும்பி வரும்போது கொண்டு வந்தது காய்ப்புக் காய்த்த இரண்டு கையும், தோட்டத்துக் கடைக் கடன் பற்றிய கதையும்தான். அந்த மரம் மலேயா மரம் என்றுதான் சாகும்வரை நினைத்திருந்தார். அது அமேசான் மரம்! 1876-இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அங்கிருந்து சுமார் எழுபதாயிரம் விதைகளைக் கப்பலேற்றினார். அது லண்டன் போய், இலங்கை போய், மலேயா போய், பின்னாலே என் தாத்தாவையும் இழுத்துக்கொண்டு போனது.

அமேசானிலே மட்டும் பால் வெட்டியவன் சுகப்பட்டானா? காட்டு மரம் ஒன்றுக்கொன்று தூரத்திலே நிற்கும். ஒவ்வொருவனும் தனித்தனிப் பாதையிலே தனியாகப் போனான். முதலாளி கடையிலே கடனுக்கு அரிசி, கடனுக்குக் கத்தி. ரப்பரைக் கொடுத்துக் கொடுத்தும் கடன் தீரவில்லை. அங்கேயும் அதே கடைக் கணக்கு, ஐயா! இயற்கை அள்ளிக் கொடுத்த இடத்திலேதான் மனிதன் அடிமையானான். ஏன்? தனியாக நின்றான்.

அந்தத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள் பலர் இன்று அதே ஆற்றங்கரைக் கிராமங்களிலே வாழ்கிறார்கள். ஏரியைக் கூடிக் காவல் காக்கிறவர்களிலே அவர்களும் உண்டு. தனியாக நின்ற தாத்தா கடனை எண்ணினான்; கூடி நிற்கிற பேரன் மீனை எண்ணுகிறான்! (கைதட்டல்)

ஒற்றுமையாலே மழையைக் கொண்டுவர முடியாது, ஒப்புக்கொள்கிறேன். மழை பொய்த்த நாளிலும் பக்கத்து வீட்டு ஓடம் வரும் என்ற நம்பிக்கையைக் கொண்டுவர முடியும். ஆகவே, மனிதனை வாழவைப்பது கூடி வாழும் குணமே என்று தீர்ப்பளிக்க வேண்டி, என் தாத்தாவின் காய்த்த கைகளை நினைத்து விடைபெறுகிறேன்.