குட்டைத் தூணுக்கு எந்தச் சூத்திரம்?

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலிக்கு பஸ்ஸில் போகையில், ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வந்ததும் எல்லாரும் காற்றாலையின் இறக்கையைப் பார்ப்பாங்க. நான் காலைப் பார்ப்பேன். அங்குள்ள மின்கம்பிக் கோபுரங்களின் கால் வெறும் ஆங்கிள் இரும்புதான். குறுக்குச் சட்டங்கள் அங்கங்கே பிடித்துக்கொள்வதால், அந்த நெடுங்கால் பல குட்டைத் தூண்களாகி விடுகிறது. காற்று ஒரு பக்கம் தள்ளினால் மறுபக்கத்துக் கால் அமுங்கும். அமுங்கும் கால் நெளியாமல் நிற்குமா? அதுதான் கேள்வி.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு ஷெட்டுக்குத் தூண் கணக்குப் போட்டேன். மெலிவு விகிதம் 50. ஆய்லர் சூத்திரம்தான் மனப்பாடம். போட்டால் சதுர மில்லிமீட்டருக்கு 790 நியூட்டன் வந்தது. பெருமையோடு மேலதிகாரியிடம் நீட்டினேன். அவர் கேட்டார்:

"தம்பி, இந்த இரும்பு எத்தனைல நெகிழும்?"

"250 சார்."

"250-ல நெகிழுற இரும்பு 790 வரைக்கும் எப்பிடிப்பா தாங்கும்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. அந்தத் தாள் பட்டறைக்குப் போயிருந்தால், அதன் கீழே வேலை செய்பவர்கள் கதி என்ன?

250 இரும்புக்கு ஆய்லரின் எல்லை சுமார் 89. அதற்குக் கீழே நெகிழ்வும் நெளிவும் சேர்ந்தே வரும். உருட்டாலையில் ஏற்பட்ட சிறு கோணல், உள்ளே தங்கிய தகைவு, மையம் விலகிய பாரம் எல்லாம் சேர்ந்து பலத்தைக் குறைக்கும்.

அதே 50-க்கு, ரேங்கின் முறையில் இரண்டையும் இணைத்தால் 190. கோபுரங்களுக்கான ஐ.எஸ். 802-ன் பரவளையச் சூத்திரத்தில் 230. கட்டடங்களுக்கான ஐ.எஸ். 800 (2007) ஆங்கிளுக்குச் சொல்லும் 'சி' வளைகோட்டில் 202, அதை 1.1-ஆல் வகுத்தால் 183.

எது சரி? அதது அதன் வீட்டில் சரி. ஒவ்வொரு சூத்திரமும் தனக்கென ஒரு பாதுகாப்புக் கணக்கோடு வருகிறது. 1984-ன் ஐ.எஸ். 800-ல் 0.6 என்ற குறைப்பு சூத்திரத்துக்குள்ளேயே இருந்தது. 2007-ல் பாரத்தை வழக்கமாக 1.5 மடங்காக்கிவிட்டுத்தான் 183-ஐ எடுக்க வேண்டும். பெருக்காத பாரத்தோடு 183-ஐச் சேர்த்தால் பாதுகாப்பே பறிபோகும். ஒரு வீட்டுப் பூட்டுக்கு இன்னொரு வீட்டுச் சாவியைப் போடாதீங்க.

இன்னொன்று. குறுக்குச் சட்டம் உறுதியாகப் பிடித்தால்தான் அது குட்டைத் தூண். 1907 ஆகஸ்ட் 29-ல் கனடாவின் கியூபெக் பாலம், அமுக்கத்தைத் தாங்கிய உறுப்புகளின் பின்னல் பலமில்லாமல் நெளிந்து விழுந்து, 75 தொழிலாளர்கள் மாண்டார்கள்.

ஆகவே மாணவச் செல்வங்களே, முதலில் மெலிவு விகிதத்தைப் பாருங்கள். அடுத்து எந்த விதிநூல் என்று பாருங்கள். கடைசியாக, வந்த விடை இரும்பின் நெகிழ்வெல்லையைத் தாண்டுகிறதா என்று பாருங்கள். அன்று என்னைக் கேட்ட கேள்வியை நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.