அச்சத்தை அளவோடும் வழியோடும் சொல்லுங்கள்



இன்று பட்டம் பெறும் மாணவ மாணவியரே, முதலில் என் வாழ்த்துகள். உங்களில் பலர் உங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். உங்களைப் படிக்க வைக்க ஒரு வீட்டில் நகை அடகுக்குப் போயிருக்கும், இன்னொரு வீட்டில் அப்பா கூடுதலாக ஒரு வாரம் கடலில் தங்கியிருப்பார். இந்தப் பட்டத்தில் அவர்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே என் வணக்கத்தை முதலில் அவர்களுக்குச் செலுத்துகிறேன்.

மக்களே, உங்கள் வயதுக்காரர்களைப் பற்றி உலகம் முழுக்க ஒரு வாக்குவாதம் நடந்துகொண்டிருக்கிறது. காலநிலை மாற்றத்தை முன்வைத்துத் தெருவுக்கு வரும் இளைஞர்கள் மக்களிடம் பயத்தை விதைக்கிறார்கள் என்கிறது ஒரு தரப்பு. பயப்பட வேண்டிய நேரத்தில் பயப்படாமல் இருப்பதுதான் குற்றம் என்கிறது மறுதரப்பு. இதைப் பேச, நாம் கூடியிருக்கும் இந்த அஞ்சுகிராமத்தைவிடப் பொருத்தமான ஊர் அதிகம் இல்லை. வடக்கே ஆரல்வாய்மொழி வரை காற்றாலைகள், தெற்கே ஒக்கிப் புயலும் சுனாமியும் கண்ட கடல், கிழக்கே கூடங்குளம் அணுமின் நிலையம். பயம், எச்சரிக்கை, நம்பிக்கை ஆகிய மூன்றைப் பற்றியும் இந்த மண்ணுக்குச் சொந்த அனுபவம் இருக்கிறது.

2018 ஆகஸ்டில் சுவீடன் நாடாளுமன்றத்தின் முன்னால் கிரெட்டா துன்பர்க் என்ற பதினைந்து வயதுப் பெண் ஒற்றை அட்டையோடு உட்கார்ந்தார். அடுத்த ஜனவரியில் டாவோஸ் மாநாட்டில், நீங்கள் நம்பிக்கை கொள்வது எனக்கு வேண்டாம், நான் தினமும் உணரும் பயத்தை நீங்களும் உணர வேண்டும் என்ற பொருளில் பேசினார். அந்த ஆண்டே பல நாடுகளில் லட்சக்கணக்கான மாணவர்கள் வெள்ளிக்கிழமைகளில் வகுப்பைவிட்டு வெளியே வந்தார்கள். அவரைக் கொண்டாடியவர்கள் உண்டு. குழந்தைகளின் மனதைக் கெடுக்கிறார் என்று சீறியவர்களும் உண்டு.

நம் நாட்டிலும் இது நடந்தது. பெங்களூரைச் சேர்ந்த திஷா ரவி என்ற இளம் காலநிலைச் செயற்பாட்டாளர் 2021 பிப்ரவரியில், விவசாயிகள் போராட்டத்துக்கான இணைய வழிகாட்டி ஆவணம் தொடர்பான 'டூல்கிட்' வழக்கில் கைது செய்யப்பட்டார். பத்து நாளில் டெல்லி நீதிமன்றம் ஜாமீன் தந்தது. அரசின் கொள்கையோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காகக் குடிமக்களைச் சிறையில் தள்ள முடியாது என்று நீதிபதி தம் உத்தரவில் தெளிவாகச் சொன்னார். அதே ஆண்டு நவம்பரில் நம் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் நின்றார். இஸ்திரி வண்டியில் கரிக்குப் பதில் சூரிய ஒளியைப் பயன்படுத்தும் வழியைக் கண்டவர் அவர். வெற்று வாக்குறுதிகளைக் கண்டு கோபம் வருகிறது, ஆனால் கோபப்பட நேரமில்லை, செயல்பட வேண்டும் என்பதே அவர் பேச்சின் சாரம்.

அந்த 2021இல் 'லான்செட் பிளானட்டரி ஹெல்த்' இதழ் ஓர் ஆய்வை வெளியிட்டது. இந்தியா உட்படப் பத்து நாடுகளில், 16 முதல் 25 வயது வரையுள்ள 10,000 பேரிடம் கேட்டார்கள். 59 விழுக்காட்டினர் காலநிலை மாற்றத்தை நினைத்து மிகவும் கவலைப்படுவதாகச் சொன்னார்கள். நான்கில் மூன்று பேருக்கு எதிர்காலம் பயமாக இருந்தது. அன்றாட வாழ்க்கையையே இது பாதிக்கிறது என்றவர்கள் 45 விழுக்காட்டுக்கும் மேல். ஆகவே இந்தப் பயம் நாலு பேச்சாளர்கள் மேடையில் உண்டாக்கியது என்று யாரும் தள்ளிவிட முடியாது. அது ஏற்கெனவே உங்கள் தலைமுறைக்குள் இருக்கிறது. அதை என்ன செய்யப்போகிறோம் என்பதே கேள்வி.

பதிலை நம் கடற்கரையிலேயே தேடுவோம். 2017 நவம்பர் 29 அன்று தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையில் ஒக்கிப் புயலாகிவிட்டது. அதற்குப் பல நாள் முன்பே தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் பகுதி மீனவர்கள் ஆழ்கடலுக்குத் தங்கல் மீன்பிடிப்புக்குப் போயிருந்தார்கள். கரையில் வந்த எச்சரிக்கையை அவர்களுக்குச் சொல்ல வழியே இல்லை. எத்தனையோ பேர் திரும்பவில்லை. கரையிலோ ரப்பரும் வாழையும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. மீனவக் குடும்பத்தினர் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அவர்கள் ஆறுதல் கேட்கவில்லை. கப்பல் அனுப்புங்கள், ஹெலிகாப்டர் அனுப்புங்கள், தேடுங்கள் என்று கேட்டார்கள். பயந்துபோன மக்கள் செய்யக்கூடிய மிக அறிவார்ந்த காரியம் அது. தங்கள் பயத்தைச் செய்து முடிக்கக்கூடிய ஒரு கோரிக்கையாக அவர்கள் மாற்றினார்கள்.

அந்தக் கோரிக்கைக்குப் பின்னாளில் பொறியாளர்களும் பதில் சொன்னார்கள். செல்போன் கோபுரம் எட்டாத ஆழ்கடலிலும் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையைப் பெறும் 'ஜெமினி' கருவி 2019 அக்டோபரில் வந்தது. அதில் செய்தி கரையிலிருந்து படகுக்கு மட்டுமே போகும். படகிலிருந்தும் கரைக்குச் செய்தி அனுப்பக்கூடிய டிரான்ஸ்பாண்டர்களை இஸ்ரோ உருவாக்கியது, இப்போது அவை படகுகளில் பொருத்தப்பட்டு வருகின்றன. மின்னணுவியல் படித்த மாணவர்களே, உங்கள் பாடம் கடலில் ஓர் உயிரைக் காக்கும் இடம் இது.

ஆனால் எச்சரிக்கை இருந்தால் மட்டும் போதுமா? 2024 மே 6 அன்று கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். உங்களைவிடச் சில வயதே மூத்தவர்கள். அன்று வந்தது கள்ளக்கடல். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் வீசிய காற்று எழுப்பிய அலை, இங்கே புயலும் மழையும் இல்லாத நாளில் கரையேறும். ஹைதராபாத்தில் உள்ள தேசிய கடல்சார் தகவல் சேவை மையம் முன்பே எச்சரிக்கை வெளியிட்டிருந்தது. வெளியூரிலிருந்து வந்த அந்தப் பிள்ளைகளின் கால்களை அது நிறுத்தவில்லை. அன்று அங்கே தேவையான அளவு பயம் இல்லாமல் போனது. பயமே கூடாது என்று உபதேசிப்பவர்கள் இந்த மரணங்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எச்சரிக்கையோடு வழியும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவைப் பாருங்கள். 1999 பெரும்புயலில் அங்கே சுமார் 10,000 பேர் இறந்தார்கள். 2013இல் பைலின் புயல் வந்தபோது பத்து லட்சத்துக்கு நெருக்கமான மக்களை முன்கூட்டியே வெளியேற்றினார்கள். இறந்தவர்கள் ஐம்பதுக்கும் குறைவு. அந்த மக்களுக்குப் பயம் இருந்தது. கூடவே போய்த் தங்கப் புயல் காப்பகம் இருந்தது, எப்போது கிளம்ப வேண்டும் என்று வீட்டு வாசலில் வந்து சொல்ல ஆள் இருந்தது. தகவல் தொடர்பு ஆய்வாளர் கிம் விட்டே 1992இல் முன்வைத்த கோட்பாடும் இதைத்தான் சொல்கிறது. ஆபத்து பெரியது என்பதோடு, உன்னால் செய்யக்கூடியது இது என்றும் சொன்னால் மனிதர்கள் ஆபத்தை எதிர்கொள்கிறார்கள். ஆபத்தை மட்டும் சொல்லி வழியைச் சொல்லாவிட்டால், தங்கள் பயத்தைச் சமாளிப்பதிலேயே இறங்கிவிடுகிறார்கள். கேட்க மறுக்கிறார்கள், பொய் என்கிறார்கள், சொன்னவர் மேல் பாய்கிறார்கள்.

இனி கிழக்கே திரும்புவோம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தில் நேர்ந்த விபத்தை, கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரை மக்கள் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். 2004 சுனாமியின் நினைவு மாறாத கரை அது. மக்களின் அச்சம் நீங்கும்வரை கூடங்குளம் பணிகளை நிறுத்தும்படி அதே ஆண்டு செப்டம்பரில் தமிழக அமைச்சரவையே தீர்மானம் போட்டது. ஆறு மாதத்தில் அந்த நிலைப்பாடு மாறியது. ஆயிரக்கணக்கானோர் மேல் தேசத்துரோக வழக்குகள் பதிவாயின. மக்களின் பயத்தைப் போக்கப் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனத்திலிருந்து மனநல நிபுணர்கள்கூட அனுப்பப்பட்டார்கள். அணுமின் நிலையம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை நான் இந்த மேடையில் மறுபடி நடத்தப்போவதில்லை. அந்தப் பயத்துக்குக் கிடைத்த பதில்களை மட்டும் பாருங்கள். ஒருவர் அதை அறியாமை என்றார், ஒருவர் நோய் என்றார், ஒருவர் குற்றம் என்றார். 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிலையத்தை அனுமதித்த அதே தீர்ப்பில் 15 கட்டளைகளையும் இட்டது. பாதுகாப்பு ஏற்பாடுகளும் அவசரகால ஒத்திகையும் அவற்றில் இருந்தன. போராடியவர்கள் மேலுள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பதும் இருந்தது. மக்கள் பயந்து கேட்ட கேள்விகளில் நியாயம் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இப்போது, தெருவுக்கு வரும் இளைஞர்களிடம் உரிமையோடு ஒரு சொல். 2018 அக்டோபரில் ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐபிசிசி ஓர் அறிக்கை தந்தது. புவி வெப்ப உயர்வை 1.5 டிகிரியில் நிறுத்த வேண்டுமானால், 2010இல் இருந்த கரியமில வாயு வெளியேற்றத்தை 2030க்குள் சுமார் 45 விழுக்காடு குறைக்க வேண்டும் என்றது. அது மேடைக்கு வந்தபோது, இன்னும் 12 ஆண்டில் உலகம் அழிந்துவிடும் என்று மாறிவிட்டது. அறிக்கையில் அப்படி எங்கும் இல்லை. கெடு வைத்து மிரட்டினால், கெடு முடிந்த மறுநாள் உங்களைப் பார்த்து ஊர் சிரிக்கும். அதைவிடக் கெடுதல், எல்லாம் கைமீறிப் போய்விட்டது என்று நல்லவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள். 2024 உலகம் பதிவு செய்ததிலேயே மிக வெப்பமான ஆண்டு. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிடச் சுமார் 1.55 டிகிரி கூடுதல். இந்த உண்மையே போதுமான அளவு பயமூட்டுகிறது, அதைக் கூட்டிச் சொல்லத் தேவையில்லை. டிகிரியின் ஒவ்வொரு பத்தில் ஒரு பங்கும் கணக்கில் சேரும் என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

பயத்தை வழியாக மாற்றியதற்கு எடுத்துக்காட்டாக, பசிபிக் தீவுகளில் உங்களைப் போன்ற மாணவர்கள் செய்ததைச் சொல்கிறேன். 2019இல் தென் பசிபிக் பல்கலைக்கழகத்தின் 27 சட்ட மாணவர்கள், காலநிலையைக் காக்கும் கடமை நாடுகளுக்கு உண்டா என்று சர்வதேச நீதிமன்றத்திடம் கேட்கவைக்க முடிவுசெய்தார்கள். கடல் மட்டம் உயர்வதால் தங்கள் தீவுக்கு என்ன ஆகும் என்ற பயம் அவர்களுக்கு இருந்தது. வனுவாட்டு அரசைச் சம்மதிக்க வைத்தார்கள். 2023 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபை அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2025 ஜூலை 23 அன்று, அந்தக் கடமை உண்டு என்று நீதிமன்றம் கருத்துரைத்தது. வகுப்பறையில் பிறந்த ஒரு கேள்வி ஆறே ஆண்டில் ஹேக் நகரத்து நீதிபதிகளிடம் பதில் பெற்றது.

பெரியவர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளைகள் பயப்படுகிறார்கள் என்றால், 'உனக்கென்ன தெரியும், படிக்கிற வேலையைப் பாரு' என்று வாயை அடைக்காதீர்கள். கன்னிப்பூ, கும்பப்பூ நெல் பருவங்களுக்கு மழை எந்த வாரம் வரும் என்று உங்கள் தகப்பனார் சொன்ன கணக்கு இப்போது பொருந்துகிறதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து இங்கே அமர்ந்திருக்கும் எத்தனையோ குடும்பங்கள் நேரில் கண்டன. அதைக் கண்ட பிள்ளை கேட்கும் கேள்விக்குப் பதில் தேடித் தருவது நம் கடமை.

பட்டதாரிகளே, உங்களுக்குக் காத்திருக்கும் வேலையைச் சொல்லி முடிக்கிறேன். மின்னியல் படித்தவர்களுக்கு முப்பந்தலும் ஆரல்வாய்மொழியும் பக்கத்திலேயே இருக்கின்றன. பழைய காற்றாலைகளை மாற்றிப் புதியவற்றை நிறுவுவதற்கான கொள்கையைத் தமிழக அரசு 2024இல் கொண்டுவந்தது. அதற்குக் கைதேர்ந்த ஆட்கள் வேண்டும். கட்டடவியல் படித்தவர்களே, கடலரிப்பைத் தடுக்க ஒரு கரையில் தூண்டில் வளைவு போட்டால் அடுத்த ஊரின் மணலுக்கு என்ன ஆகும் என்று அளந்து சொல்லுங்கள். சுசீந்திரம் தேரூரும் வேம்பனூரும் 2022இல், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அவற்றைப் போன்ற நம் குளங்களை நிரப்பி வீட்டுமனை போடும் வரைபடம் உங்கள் மேசைக்கு வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். கணினியியல் படித்தவர்களே, கள்ளக்கடல் எச்சரிக்கை சுற்றுலா வந்தவரின் கைபேசியிலும் மணக்குடி மீனவரின் வள்ளத்திலும் அவரவர் மொழியில் ஒலிக்கும்படி செய்யுங்கள்.

தெருவில் இறங்கிக் குரல் கொடுக்க வேண்டிய நாள் வந்தால் இறங்குங்கள். அது உங்கள் உரிமை. ஆபத்து எவ்வளவோ அவ்வளவு சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். சொன்ன அடுத்த வாக்கியத்தில், யார் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சொல்லுங்கள். அதில் உங்கள் பங்கு என்ன என்பதையும் சேர்த்துச் சொல்லி, அதை முதலில் செய்து முடியுங்கள். அப்படிப் பேசும் இளைஞரை எந்த அரசும் எந்த ஊரும் நெடுநாள் புறக்கணிக்க முடியாது. நீங்கள் எல்லா நலமும் பெற்று, இந்த மண்ணுக்கும் கடலுக்கும் பயன்பட்டு வாழ வாழ்த்துகிறேன்.