பட்டனா, கட்டளையா? கிட் பழகுபவர்களிடம் பேசியது

(வில்லியனூர், பாகூர் கொம்யூன் பகுதி மாணவர்களிடம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

நான் கணினி படிச்சவள் இல்லைங்க, இதழியல் படிச்சவள். ஆனா எங்க வேலையிலும் ஒரே கட்டுரை பத்துத் தடவை திருத்தப்படும். ‘ஃபைனல்’, ‘புது ஃபைனல்’, ‘இதுதான் ஃபைனல்’ என்று கோப்புகள் குவியும். எது சரியானதுன்னு தெரியாம முழிச்சப்பதான் கிட் பக்கம் வந்தேன்.

வீட்டில் வில்லங்கச் சான்று வாங்கியிருப்பாங்க, பார்த்திருப்பீங்க. ஒரு மனை யாரிடமிருந்து யாருக்கு, எந்தத் தேதியில் மாறியது என்று வரிசையாக இருக்கும். கிட் உங்கள் கோப்புகளுக்கு வைப்பதும் அப்படியொரு கணக்குதான். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில், லினக்ஸ் நிரலைப் பல ஊர்க்காரர்கள் சேர்ந்து திருத்துவதற்காக இதை எழுதினார்.

இதை இரண்டு வழியில் பயன்படுத்தலாம். பட்டன் உள்ள செயலி ஒன்று. டெர்மினலில் கட்டளை தட்டுவது இன்னொன்று. எது மாறியது என்று பார்க்க எனக்குச் செயலிதான் பிடிக்கும். நீக்கிய வரி சிவப்பு, சேர்த்த வரி பச்சை, பளிச்னு தெரியும். ஆனா கிட்ஹப் டெஸ்க்டாப்புக்கு லினக்ஸில் அதிகாரபூர்வப் பதிப்பு இல்லை. கட்டளையோ எந்தக் கணினியிலும் ஒன்றேதான்.

ஒரு நாள் ‘டிஸ்கார்ட்’ பட்டனை அவசரமாக அமுக்கிட்டேன். இரண்டு நாள் திருத்தம் போயே போச்சு. பதிவு செய்யாத பத்திரம் வில்லங்கச் சான்றில் வருமா? அதே கதை. நான் ‘கமிட்’ செய்யவே இல்லை. கட்டளை என்றால் பத்திரம் என்றும் நினைச்சுடாதீங்க. செயலியாவது ‘நிச்சயமா?’ என்று ஒரு தடவை கேட்டது. ‘கிட் ரெஸ்டோர்’ கட்டளை அதுகூடக் கேட்காது. கமிட் செய்ததைத் தவறி இழந்தால் மட்டும் ‘கிட் ரெஃப்லாக்’ மூலம் பெரும்பாலும் மீட்கலாம். பல செயலிகளில் அதற்குப் பட்டனே கிடையாது.

வீட்டில் கணினி இல்லையா? ஆண்ட்ராய்டு போனில் டெர்மக்ஸ் போட்டு, அதில் கிட் நிறுவலாம். ஸ்டேட்டஸ், ஆட், கமிட், லாக், புஷ் ஆகிய ஐந்து கட்டளைகள் ஆரம்பத்துக்குப் போதும். கமிட்டுக்கு இணையம் வேண்டாம். பாகூர் பஸ்ஸில் சிக்னல் போனாலும் வேலை நிற்காது. புஷ் செய்யும்போது மட்டும் நெட் இருந்தால் சரி. அதனால என் யோசனை: மாற்றத்தைப் பார்க்கச் செயலி, பதிவு செய்யக் கட்டளை.

இன்னொன்று. ஆதார் நகல், கடவுச்சொல் இருக்கும் கோப்பை மறந்தும் ‘ஆட்’ செய்யாதீங்க. அடுத்த கமிட்டில் நீக்கினாலும் பழைய கமிட்டில் அப்படியே இருக்கும். பொதுவில் புஷ் செய்துவிட்டால் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். கடவுச்சொல்லை மாற்றிடலாம், ஆதார் எண்ணை என்ன செய்வீங்க?

சரி, போனை எடுங்க. டெர்மக்ஸ் போட்டவங்க முன் வரிசைக்கு வாங்க, ஸ்டேட்டஸிலிருந்து ஆரம்பிக்கலாம்.