மாறுவதைத் தனியே வைப்போம்



மேகக்கணினிச் சேவைக்குச் சந்தா கட்டிவிட்டால் எந்த மாற்றத்துக்கும் நிறுவனம் ஈடுகொடுத்துவிடும் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. எனக்கு இதில் உடன்பாடில்லை. சர்வரைப் பராமரிக்கும் சுமை குறையும். நெகிழ்வை நாம்தான் வடிவமைக்க வேண்டும்.

விதிகள் எவ்வளவு வேகமாக மாறுகின்றன என்பதற்கு ஜிஎஸ்டியின் இ-இன்வாய்ஸ் முறையைப் பாருங்கள். 2020 அக்டோபரில் அது தொடங்கியபோது ஆண்டு விற்றுமுதல் 500 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்களுக்கு மட்டுமே கட்டாயம். மூன்று மாதத்தில் வரம்பு 100 கோடியானது. பிறகு 50, 20, 10. 2023 ஆகஸ்டில் 5 கோடி. மூன்றாண்டுக்குள் ஒரே எண் ஐந்து முறை இறங்கியது. திருப்பூரின் நடுத்தரச் சாயப்பட்டறைகள் வரை, அரசின் தளத்தில் பதிவெண்ணும் க்யூஆர் குறியீடும் பெற்ற பிறகே பில் கொடுக்கும் நிலை வந்தது. 2025 செப்டம்பர் 22 அன்று வரி விகிதங்களே மாறின. 12, 28 சதவீதத்தில் இருந்த பெரும்பாலான பொருள்கள் 5க்கும் 18க்கும் நகர்ந்தன.

மென்பொருளில் விகிதத்தைப் பணிப்போக்கின் ஒவ்வொரு படியிலும் எழுதிவைத்தவர்கள் அத்தனை இடத்தையும் தேடித் திருத்த வேண்டும். தனி விதி அட்டவணையில் வைத்தவர்களுக்கு அங்கே ஒரு பதிவு போதும். அந்தப் பதிவிலும் ஒரு நுட்பம் உண்டு. செப்டம்பர் 20இல் விற்ற சரக்கு அக்டோபரில் திரும்பி வந்தால், கிரெடிட் நோட்டில் பழைய விகிதம்தான் வர வேண்டும். ஆகவே பழைய எண்ணை அழித்துப் புதியதை எழுதக் கூடாது. எது எந்த நாள் முதல் எந்த நாள் வரை செல்லும் என்பதும் அட்டவணையில் இருக்க வேண்டும். இந்தத் தேதிகளை முதலில் கேட்பவர் கணக்குப் பிரிவில் இருப்பவர். வடிவமைப்புக் கூட்டத்துக்கு அவரைத்தான் நாம் அழைப்பதில்லை.

மாறக்கூடிய முடிவுகளை முதலில் பட்டியலிட்டு, ஒவ்வொன்றையும் மென்பொருளின் ஒரு கூறுக்குள் மறைத்துவையுங்கள் என்று கணினி அறிஞர் டேவிட் பார்னாஸ் 1972லேயே எழுதிவிட்டார். மேகச் சேவையில் இது இன்னும் அவசியம். அங்கே பல நிறுவனங்களுக்கும் பொதுவாக ஒரே மென்பொருள் ஓடுகிறது. புதிய பதிப்பு எப்போது வரும் என்பதைச் சேவை தருபவரே தீர்மானிக்கிறார். நமக்கென்று உள்ளே திணித்த நிரல் அன்றைக்கு உடையலாம். நம் விதிகளும் தரவும் நம் கையில் இருந்தால், சேவையையே மாற்றினாலும் தொழில் நிற்காது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே, தரவை முழுமையாக வெளியே எடுக்க முடியுமா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

இன்று கட்டுரை வாசிக்கும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வடிவமைப்பு எப்படி இயங்குகிறது என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒரு விதி மாறியபோது எத்தனை இடங்களில் கைவைக்க நேர்ந்தது, அதை யார் செய்தார்கள், எத்தனை நாள் ஆயிற்று என்பதையும் அவைக்குச் சொல்லுங்கள்.